மூன்று சகோதரர்களும் ஒரு சங்கமும்

வாரிசு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஒரே ஒரு படம்தான் மனதில் ஓடும். அப்பா நாற்காலியில் இருப்பார். மகன் பக்கத்தில் நிற்பான். சில வருடம் போனால் மகன் நாற்காலியில் இருப்பான், அப்பா சுவரில் மாலையோடு தொங்குவார். கட்சி, சினிமாக் கம்பெனி, கல்லூரி அறக்கட்டளை என்று எதை எடுத்தாலும் கதை இதுதான். அதனால் ஒரு சங்கத்தின் பதவிப் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தால், "ஓ, இங்கேயும் அப்படித்தானா?" என்று கேட்பது இயல்பு.

அமெரிக்காவின் பெரிய கத்தோலிக்கச் சகோதரத்துவ அமைப்பு நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ். தமிழில் சொன்னால் 'கொலம்பஸின் வீரர்கள்'. இன்று சுமார் 20 லட்சம் உறுப்பினர்கள். அதன் ஆன்ம குரு பதவிக்கு சுப்ரீம் சாப்ளின் என்று பெயர். அந்தப் பதவியில் இருந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். மைக்கேல் மெக்கிவ்னி 1890-ல் சாகும்வரை. 1901 முதல் 1928 வரை பேட்ரிக் மெக்கிவ்னி. 1928 முதல் 1939 வரை ஜான் மெக்கிவ்னி. மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன்தான் சங்கத்தைத் தொடங்கியவர்.

இதை வாரிசு அரசியல் என்று சொல்லலாமா? என் பதில் 'இல்லை'. அதற்கான காரணம் அந்த வீட்டில் நடந்த ஒரு சாவில் தொடங்குகிறது. எனவே வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.

கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி என்று ஒரு ஊர். பித்தளைத் தொழிலுக்குப் பேர் போன ஊர். பொத்தான், ஊசி, கரண்டி, விளக்கு, கடிகார உதிரி எல்லாம் அங்கே வார்த்தார்கள். வேலைக்கு ஆள்? அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அப்படி வந்தவர்தான் மூத்த பேட்ரிக் மெக்கிவ்னி, ஒரு வார்ப்படத் தொழிலாளி. உருகிய உலோகத்தின் புகையும் சூடும் நாள் முழுக்க முகத்தில் அடிக்கும் வேலை. மனைவி மேரி. அவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தன, 6 சின்ன வயதிலேயே போய்விட்டன. மிஞ்சியது மூத்தவன் மைக்கேல், 4 தங்கைகள், 2 தம்பிகள்.

மைக்கேல் பிறந்தது 1852 ஆகஸ்ட் 12. படிப்பில் கெட்டிக்காரன். ஆனாலும் 13 வயதில் பள்ளியை முடித்துக்கொண்டு பித்தளை ஆலையில் கரண்டி செய்யும் பகுதிக்குப் போனான். குழந்தைத் தொழிலாளர் என்ற சொல்லெல்லாம் அன்று யாருக்கும் உறுத்தவில்லை. 3 வருடம் கரண்டி. பிறகு 1868-ல், 16 வயதில், கனடாவின் கியூபெக் பகுதியில் குருமடப் படிப்பு. அதற்குப் பிறகு நயாகரா, அப்புறம் மாண்ட்ரியல்.

மாண்ட்ரியலில் இருந்தபோது, 1873 ஜூனில், அப்பா செத்துப்போனார்.

மூத்த மகன் அப்போதுதான் 21 வயதை எட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டில் விதவைத் தாய், தங்கைகள், தம்பிகள். சம்பாதித்துக் கொண்டிருந்த ஒரே பெரிய கை நின்றுவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். இந்த மாதிரிச் சூழ்நிலையில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மூத்தவன் படிப்பை நிறுத்துவான், வேலைக்குப் போவான். மெக்கிவ்னி வீட்டிலும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஹார்ட்ஃபோர்டு ஆயர் உதவித்தொகை கொடுத்ததால் மைக்கேல் பால்டிமோர் நகரக் குருமடத்துக்குப் போக முடிந்தது. 1877 டிசம்பர் 22 அன்று பேராயர் கிப்பன்ஸ் கையால் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு சொந்த ஊருக்குப் போய், விதவைத் தாயின் முன்னால் திருப்பலி நிறைவேற்றினார்.

பின்னால் அவர் செய்த ஒவ்வொன்றையும் இந்த 1873-ஐ நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் புரியும் என்பது என் கருத்து. அவர் ஏழைகளைப் பற்றிப் புத்தகத்தில் படித்துப் பரிதாபப்பட்டவர் அல்ல. சம்பாதிக்கும் ஆள் செத்தால் ஒரு வீடு எத்தனை நாளில் ஆட்டம் காணும் என்பதை உள்ளிருந்து பார்த்தவர். அந்த வீட்டில்தான் பின்னாளில் சாப்ளின்களாக ஆன இரண்டு தம்பிகளும் வளர்ந்தார்கள்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை நியூ ஹேவன் நகரில் தூய மரியா பங்கில் உதவிப் பங்குத்தந்தை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஹில்ஹவுஸ் அவென்யூ என்ற பணக்காரத் தெருவில் அந்தக் கோயில். 1874-ல் கட்டி முடித்தார்கள். கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. போதாததற்கு, மாளிகைகள் இருக்கும் தெருவில் ஐரிஷ் கூலிக்காரர்களின் கோயில் என்ன வேலை என்று அக்கம்பக்கத்தாருக்கு எரிச்சல். 1879-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே இதைப் பற்றி எழுதியது, அதுவும் கோயில் வந்ததால் தெருவின் அழகு கெட்டுவிட்டது என்கிற தொனியில்! அன்றைய அமெரிக்காவில் கத்தோலிக்கர் என்றால் என்ன மரியாதை என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

இந்தப் பங்கில் அவர் அடிக்கடி போன இடம் சாவு வீடு. போன இடமெல்லாம் அதே கதை. அப்பா போய்விட்டார், அம்மா நிற்கிறாள், பிள்ளைகள் என்ன ஆவார்கள்? சட்டம் வேறு குறுக்கே வந்தது. தகப்பன் இறந்தால் பிள்ளைகளைப் பராமரிக்க வழி இருக்கிறது என்று குடும்பம் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும், பிணைத்தொகைக்கு ஆள் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பிள்ளைகள் பிரிக்கப்படலாம். 1882 தொடக்கத்தில் டவுன்ஸ் என்ற குடும்பத்துக்கு இந்த நிலைமை வந்தது. ஒரு பையனுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. இளம் சாமியார் நீதிமன்றத்தில் எழுந்து நானே காப்பாளராக இருக்கிறேன் என்றார், ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு பையனுக்குச் சரி. பங்கிலுள்ள எல்லாப் பையன்களுக்கும் ஒரே சாமியார் காப்பாளர் ஆக முடியுமா? கணக்கு உதைக்கிறது அல்லவா? அதற்கான விடையை அவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். 1881 அக்டோபரில் பங்கு ஆண்கள் சிலரைக் கோயிலின் கீழ்த்தளத்தில் கூட்டிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அன்றைக்கு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல தொகைக்கான பாலிசி கூலித் தொழிலாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் அமெரிக்காவில் தொழிலாளர்கள் சகோதரத்துவ சங்கங்களில் சேர்ந்தார்கள். சடங்கு உண்டு, ரகசியச் சொல் உண்டு, தோளில் பட்டை உண்டு. முக்கியமாக, செத்தால் வீட்டுக்குப் பணம் உண்டு. சிக்கல் என்னவென்றால் இதில் பல சங்கங்கள் ஃப்ரீமேசன் பாணி ரகசிய சங்கங்கள். கத்தோலிக்கர்கள் மேசன்களோடு சேரக்கூடாது என்பது 1738 முதலே திருச்சபையின் தடை. ஆக ஒரு ஐரிஷ் தொழிலாளிக்கு முன்னால் இரண்டு வழி: திருச்சபை தடுத்த சங்கத்தில் சேர்ந்து மனைவிக்குப் பாதுகாப்புத் தேடுவது, அல்லது திருச்சபைக்குக் கட்டுப்பட்டு மனைவியைத் தெருவில் விடுவது. மெக்கிவ்னி பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் போய், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கத்தோலிக்க நலச் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொந்தமாகவே தொடங்குவது என்று முடிவாயிற்று.

பெயர் விஷயத்தில் ஒரு சுவாரசியம். மெக்கிவ்னி சொன்ன பெயர் 'கொலம்பஸின் புதல்வர்கள்'. ஜேம்ஸ் மல்லன் என்பவர் 'வீரர்கள்' என்று மாற்றச் சொன்னார். மல்லன் உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட மனிதர், அவருக்கு 'நைட்' என்ற சொல் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ஏன் கொலம்பஸ்? "நீங்கள் கத்தோலிக்கர்கள், உண்மையான அமெரிக்கர்கள் அல்ல" என்று சொல்பவர்களுக்கு, "உங்கள் நாட்டைக் கண்டுபிடித்ததாக நீங்கள் கொண்டாடும் ஆளே கத்தோலிக்கன்தான்" என்று பதில் சொல்லும் பெயர் அது. கொலம்பஸ் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு என்ன செய்தார் என்று இன்று நாம் பேசுகிறோம். 1882-ல் அந்தக் கோயில் கீழ்த்தளத்தில் அதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1882 மார்ச் 29 அன்று கனெக்டிகட் சட்டமன்றம் சங்கத்தைப் பதிவு செய்தது. தலைவருக்கு 'சுப்ரீம் நைட்' என்று பெயர். முதல் சுப்ரீம் நைட் மெக்கிவ்னி அல்ல. மல்லன்! தொடங்கியவர் செயலாளர் வேலையை எடுத்துக்கொண்டார். கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, மற்றப் பங்குகளின் சாமியார்களிடம் போய் "எங்கள் சங்கத்துக்கு இடம் கொடுங்கள்" என்று கெஞ்சுவது. குடும்பஸ்தர்களுக்கான சங்கத்தைக் குடும்பஸ்தர்களே நடத்தட்டும் என்ற ஏற்பாடு. திருச்சபையில் எல்லாவற்றுக்கும் குருவே தலைவர் என்றிருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 1884-ல் செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டு ஆன்ம குருவானார். அதே ஆண்டு தாமஸ்டன் என்ற சிறிய ஆலை ஊருக்குப் பங்குத்தந்தையாக மாற்றலும் வந்தது.

நம் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். அண்ணன் கட்டிய வீட்டில் சாவி இருந்த அறை ஒன்று, அண்ணன் உட்கார்ந்த அறை வேறொன்று. தம்பிகளுக்குப் பின்னால் கிடைத்தது அண்ணன் உட்கார்ந்த அறை.

பணம் எப்படி வேலை செய்தது என்று சொல்லாமல் போனால் கட்டுரை முழுமையாகாது. முதல் திட்டம் படு எளிமையானது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற எல்லோரும் ஆளுக்கு 1 டாலர் போட வேண்டும். 1,000 பேர் இருந்தால் விதவைக்கு 1,000 டாலர். நம் பக்கத்தில் மரண உதவி நிதி, சாவுச் சங்கம் என்று நடத்துவார்களே, கிட்டத்தட்ட அதுதான். 1 டாலர் என்பது அன்றைய சாதாரணக் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. நோயில் படுத்தால் வாரம் 5 டாலர் வரை, 13 வாரம்.

எளிமையான திட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. 20 வயதுக்காரனும் 1 டாலர், 45 வயதுக்காரரும் 1 டாலர். இளைஞன் வாழ்நாள் முழுக்கக் கட்டுவான். வயதானவர் கொஞ்ச நாள் கட்டிவிட்டுப் போய்விடுவார், அவர் குடும்பத்துக்கும் அதே தொகை. உறுப்பினர்களுக்கு வயதாக வயதாகச் சாவுகள் கூடும், மாதத்துக்கு இரண்டு மூன்று டாலர் கேட்பார்கள், இளைஞர்கள் நழுவுவார்கள், மிச்சம் கிழவர்கள்தான். அன்றைக்கு இந்த மாதிரிச் சங்கங்கள் பலவும் கவிழ்ந்தது இப்படித்தான். நைட்ஸ் ஆஃப் கொலம்பஸும் அதே முறையைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்று யாரும் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். வயதுக்கேற்ற கட்டணம், கையிருப்பு நிதி என்று படிப்படியாக மாறினார்கள். அந்தக் கணக்கைச் சரிசெய்தது குருக்கள் அல்ல, பொதுநிலைத் தலைவர்கள். சங்கம் பிழைத்ததற்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பது அவர்களுக்குத்தான்.

மைக்கேல் மெக்கிவ்னி இந்த மாற்றங்கள் முடிவதைப் பார்க்கவில்லை. 1889-90-ல் உலகம் முழுக்க ஒரு காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. 1890 தொடக்கத்தில் அவருக்கு நிமோனியா வந்தது, தேறவே இல்லை. ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். 38-வது பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாட்டர்பரியில் குடும்பக் கல்லறையில் புதைத்தார்கள்.

பிறகு தம்பிகள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அண்ணன் செத்ததும் தம்பி பதவிக்கு வந்துவிடவில்லை. நடுவில் 10 வருடத்துக்கு மேல் இடைவெளி, வேறு குருக்கள் சாப்ளினாக இருந்தார்கள். 1901-ல்தான் பேட்ரிக் வந்தார். அதற்குள் சங்கம் அண்ணன் விட்டுப்போன சங்கமாக இல்லை. அண்ணன் இருந்தபோது அது நியூ இங்கிலாந்து பக்கத்து ஐரிஷ்காரர்களின் சங்கம். 1900-ல் தேசபக்திக்கென்று நான்காம் படி ஒன்றையும் சேர்த்து, வாள், தொப்பி சகிதமாக நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

பேட்ரிக் 27 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் எட்வர்ட் ஹெர்ன், ஜேம்ஸ் ஃபிளாஹர்ட்டி, மார்ட்டின் கார்மடி என்று மூன்று சுப்ரீம் நைட்களைப் பார்த்தார். தலைவர் மாறிக்கொண்டே இருந்தார், சாப்ளின் மாறவில்லை. இப்படிப்பட்ட ஆள் ஒரு சங்கத்தில் என்ன செய்வார்? சட்டப்படி அவருக்கு அதிகாரம் குறைவு. ஜெபம் சொல்வார், மாநாட்டில் திருப்பலி வைப்பார், ஆலோசனை சொல்வார். ஆனால் கூட்டத்தில் அவர் எழுந்து நிற்கும்போது, தொடங்கியவரின் முகச்சாடையோடு ஒருவர் எழுந்து நிற்கிறார். இந்தச் சங்கம் எதற்காக ஆரம்பித்தது என்று யாரும் நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1873-ல் அப்பாவை இழந்த வீட்டுப் பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அது அமைதியான காலமும் இல்லை. 1912-ல் ஒரு போலிப் பிரமாணப் பத்திரம் ஊர் ஊராகச் சுற்றியது. நான்காம் படி வீரர்கள் புராட்டஸ்டண்டுகளையும் மேசன்களையும் ஒழித்துக்கட்டச் சத்தியம் செய்கிறார்கள் என்று அதில் பயங்கரமாக எழுதியிருந்தார்கள். முழுப் பொய். வதந்தி பரப்ப இணையம் தேவையில்லை என்பதற்கு நல்ல உதாரணம். முதல் உலகப்போரில் சங்கம் படைவீரர்களுக்குக் கூடாரங்கள் நடத்தியது, எல்லோரும் வரலாம், எல்லாம் இலவசம் என்பது விளம்பர வாசகம். 1922-ல் ஓரிகான் மாநிலம், பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைக்கும் சட்டம் அது, கு கிளக்ஸ் கிளான் பின்னால் நின்றது. எதிர்த்த வழக்குக்கு நைட்ஸ் பண உதவி செய்தது, 1925-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை அடித்து நொறுக்கியது. 1924-ல் டூபாய்ஸ் எழுதிய கறுப்பின மக்களின் பங்களிப்பு பற்றிய நூலும் இந்தச் சங்கத்தின் வரலாற்று வரிசையில்தான் வெளிவந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. டூபாய்ஸின் புத்தகத்தை வெளியிட்ட அதே சங்கத்தின் கதவு கறுப்பினக் கத்தோலிக்கர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. அதனால்தான் 1909-ல் அலபாமாவின் மொபைல் நகரில் அவர்கள் தங்களுக்கென்று 'நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்' என்ற தனிச் சங்கம் தொடங்கினார்கள். அப்போது பேட்ரிக் மெக்கிவ்னிதான் சாப்ளின். புதிய ஆளைச் சேர்க்க உள்ளூரில் வாக்கெடுப்பு நடக்கும், ஒரு சிலர் வேண்டாம் என்றாலே போதும், விண்ணப்பம் காலி. 1964-ல்தான் வாக்களித்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது எதிர்த்தால்தான் நிராகரிக்கலாம் என்று விதி மாறியது. தெருவில் கோயில் வேண்டாம் என்று விரட்டப்பட்டவர்களின் சங்கம், தன் கூட்டத்துக்குள் அடுத்தவனை விரட்டும் சங்கமாகவும் இருந்தது. குடும்பப் பாரம்பரியம் இதைத் தடுக்கவில்லை.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். சங்கமே விதவைகளுக்காகத் தொடங்கியது. ஆனால் விதவை உறுப்பினர் ஆக முடியாது, மனைவி ஆக முடியாது, மகள் ஆக முடியாது. மெக்கிவ்னி வீட்டிலேயே நான்கு சகோதரிகள் இருந்தார்கள், அப்பாவின் சாவு அவர்களையும் அதே அளவு தாக்கியது. பதவிப் பட்டியலில் மூன்று சகோதரர்களின் பெயர் இருக்கிறது, நான்கு சகோதரிகளின் பெயரும் எங்கும் இல்லை. 1897-ல் நியூ ஹேவனில் 'இசபெல்லாவின் புதல்வியர்' என்ற பெண்கள் சங்கம் ஒரு உள்ளூர்க் கிளையின் துணை அமைப்பாகத் தொடங்கியது, பிறகு தனியாகவே வளர்ந்தது.

பேட்ரிக்குக்குப் பிறகு 1928-ல் ஜான். அவருடைய காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வேலை போன ஆள் காப்பீட்டுக் கட்டணம் எப்படிக் கட்டுவான்? 1930-களில் எல்லா நலச் சங்கங்களும் ஆள் இழந்தன, நைட்ஸும் இழந்தது. ஆனாலும் கவிழவில்லை. ஜான் 1939 வரை இருந்தார். கார்மடியும் அதே 1939-ல் சுப்ரீம் நைட் பதவியை விட்டு இறங்கினார்.

தம்பிகள் இருவரும் சேர்ந்து 1901 முதல் 1939 வரை 38 வருடம் சாப்ளினாக இருந்திருக்கிறார்கள். அண்ணன் உயிரோடு இருந்ததும் 38 வருடம். இதில் அர்த்தம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல்தான். இருந்தாலும் கூட்டிப் பார்த்தபோது ஒரு நிமிடம் நிறுத்த வைத்தது.

இப்போது வாரிசுக் கேள்விக்கு வருவோம். வாரிசு அரசியல் நடக்க மூன்று பொருள் வேண்டும்: கைமாற்றிக் கொடுக்க அதிகாரம், கைமாற்றிக் கொடுக்க சொத்து, வாங்கிக்கொள்ள ஒரு மகன். மெக்கிவ்னிகளிடம் மூன்றுமே இல்லை. அதிகாரமும் பணமும் சுப்ரீம் நைட் பக்கம், அந்தப் பதவியில் இதுவரை 14 பேர் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் மெக்கிவ்னி இல்லை. மகன்? தப்பிப் பிழைத்த மூன்று ஆண் பிள்ளைகளும் குருக்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள். அந்த வீட்டில் மகன் வழியில் அந்தப் பெயர் அவர்களோடு முடிந்தது. அதனால் இதை வம்சம் என்று சொல்ல முடியாது. அண்ணன் விட்ட இடத்தில் தம்பிகள் நின்றார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பெயர் அங்கே முடிந்தாலும் 'தலைமை ஏற்பது நம் வீட்டு வழக்கம்' என்ற பழக்கம் உறுப்பினர் குடும்பங்களுக்குள் நன்றாகவே பரவியது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு 'கிராண்ட் நைட்', ஆண்டுதோறும் தேர்தல். தாத்தா ஒரு காலத்தில் கிராண்ட் நைட், அப்பா பொருளாளர், பேரன் வாசல் காவலர் பதவியில் ஆரம்பிப்பான். (வாசல் காவலர் என்று நிஜமாகவே ஒரு பதவி உண்டு. கூட்டம் நடக்கும்போது கதவைப் பார்த்துக்கொள்ள.) பேட்ரிக் சாப்ளினாக இருந்த 1925-ல் மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் 'கொலம்பியன் ஸ்குவயர்ஸ்' என்று பையன்களுக்கான அமைப்பும் வந்தது. நைட் என்றால் வீரன், ஸ்குவயர் என்றால் வீரனிடம் தொழில் பழகும் பையன். அப்பா போகும் கூட்டத்துக்குப் பையனும் வர ஒரு வாசல். இங்கே மகனுக்குக் கைமாறுவது பெரும்பாலும் நாற்காலி தூக்கிப் போடுவதும், அப்ப விருந்துக்கு மாவு கரைப்பதும், உறுப்பினர் செத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பதும்தான். சம்பளம் கிடையாது. இப்படிப்பட்ட பதவிக்கு வாரிசுச் சண்டை வராததில் வியப்பில்லை!

ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. இன்றைக்கு ஒரு தலைவர் இறந்தால் அடுத்த மாதமே சிலை, மணிமண்டபம், பிறந்தநாள் விழா. தம்பிகள் அத்தனை வருடம் பதவியில் இருந்தும் அண்ணனைப் புனிதராக்கும் முயற்சி தொடங்கவில்லை. வாட்டர்பரியில் சிலை வந்ததே 1957-ல். புனிதர் பட்டத்துக்கான விசாரணை 1997-ல் தொடங்கியது, அதாவது கடைசித் தம்பி பதவி விட்டு 58 வருடம் கழித்து. 2008-ல் 'வணக்கத்துக்குரியவர்' என்ற நிலை. கருவிலிருந்த ஒரு குழந்தை நோயிலிருந்து குணமானது அவர் பரிந்துரையால் நடந்த புதுமை என்று வத்திக்கான் ஏற்றபின், 2020 அக்டோபர் 31 அன்று ஹார்ட்ஃபோர்டு பேராலயத்தில் அருளாளர் பட்டம். கொரோனா காலம், முகக்கவசம் போட்டுக்கொண்டு குறைந்த அளவு ஆட்கள்தான். கொள்ளைநோய்க் காலத்தில் செத்தவருக்கு இன்னொரு கொள்ளைநோய்க் காலத்தில் பட்டம்.

அவருடைய திருநாள் ஆகஸ்ட் 13. பிறந்த 12-க்கும் இறந்த 14-க்கும் நடுவில் உள்ள நாள். உடல் இப்போது வாட்டர்பரியில் இல்லை. சங்கத்தின் நூற்றாண்டான 1982-ல் குடும்பக் கல்லறையைத் திறந்து அவரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஒரு காலத்தில் தெருவின் அழகைக் கெடுப்பதாகச் சொல்லப்பட்ட அந்த நியூ ஹேவன் கோயிலுக்குள் வைத்தார்கள்.